ஒற்றைத் தொலைபேசியிலிருந்து மூன்று கம்பனிகள் வரை

கேகாலையிலிருந்து கரவனெல்லை நோக்கி இறங்கும் பாதையில் இருக்கிறது புளத்கொகுபிட்டிய. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பால் மரம், இடையிடையே சிங்களக் கிராமங்கள், சரிவுகளில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். 1980களில் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொலைபேசி இருந்தால் அது துரை பங்களாவிலும் தோட்டத்து ஆபீசிலும்தான் இருக்கும். லயத்து மக்களுக்குச் செய்தி வரும் வழி தபால். அந்தத் தபாலும் நேராக லயத்துக்கு வராது. டவுனிலிருந்து பையில் ஆபீசுக்கு வரும். அங்கே பிரித்து, பிரட்டுக்களத்திலோ கணக்கப்பிள்ளை கையாலோ உரியவருக்குப் போகும். அவசரம் என்றால் தந்தி, அதுவும் ஆபீசுக்கே. ஊரில் யாரோ இறந்துவிட்டார் என்ற செய்தி, எல்லாம் முடிந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வந்து சேர்ந்த கதை மலையகத்தில் எந்தக் குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும்.

இன்று அதே லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா கைத்தொலைபேசி இருக்கிறது. குவைத்தில் வேலை பார்க்கும் அம்மாவை மகள் இரவில் முகம் பார்த்துப் பேசுகிறாள். பாடசாலையின் மாதிரி வினாத்தாள் வட்ஸ்அப்பில் வருகிறது. கொழும்புக் கடையொன்றில் வேலை செய்யும் மகன் அங்கிருந்தே வீட்டுக்கு ரீலோட் போடுகிறான்.

இந்த மாற்றத்தை விஞ்ஞானத்தின் கொடை என்று சொல்லிவிடுவது வழக்கம். கருவி மலிவானதும் உண்மைதான். ஆனால் கைத்தொலைபேசி இலங்கைக்கு வந்தது 1989இல். லயத்துக்குள் அது பரவலாக நுழைய அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் யார் யாருக்கு ஏகபோகம் இருந்தது, அதை எந்தச் சட்டம் உடைத்தது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: உடைந்த ஏகபோகம் வேறு உருவில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது, அதைத் தடுக்க வேண்டிய சட்டம் நம்மிடம் இல்லை.

அன்று: ஒரே வாசல்

ஏகபோகம் என்றால் என்ன என்று தோட்டத்து மக்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கண்டிச்சீமைக்கு வந்த நாளிலிருந்து அவர்கள் அதற்குள்தான் வாழ்ந்தார்கள். வேலை தருவது ஒரே தோட்டம். குடியிருப்பதும் அந்தத் தோட்டத்து லயத்தில். அரிசியைத் தோட்டமே கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்தது. கடன் கொடுத்தவர் கங்காணி. இத்தனைக்கும் மேலே துண்டு முறை இருந்தது. ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று எழுதிய துண்டுச்சீட்டு அது. இன்னொரு தோட்டம் அந்தக் கடனைக் கட்டித் தீர்த்தால்தான் ஆட்கள் அங்கே போகலாம். சம்பளம் போதவில்லை, நடத்தும் முறை பிடிக்கவில்லை என்று ஒருவர் தானாக எழுந்து வேறு தோட்டத்துக்குப் போக வழியில்லை. 1921ஆம் ஆண்டில் சட்டம் வந்தே அந்த முறை ஒழிந்தது.

சம்பளம் குறைந்தது ஒரு துன்பம். வேறு இடம் போக முடியாதது அதைவிடப் பெரிய துன்பம். போக முடியாதவனுக்குச் சம்பளத்தை உயர்த்திக் கொடுக்க எந்தத் துரைக்கும் அவசியம் வராது. ஏகபோகம் எந்தத் துறையில் வந்தாலும் அதன் பலம் இங்கேதான் இருக்கிறது.

தொலைபேசியில் அந்த ஒரே வாசல் அரசாங்கத்துடையது. தபாலும் தந்தியும் தொலைபேசியும் ஒரே திணைக்களமாக இருந்து, 1980இல் தொலைத்தொடர்பு தனித் திணைக்களமானது. விண்ணப்பித்துவிட்டு இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது நாட்டில் எல்லோருக்கும் பொதுவான அனுபவம். செல்வாக்கு உள்ளவர்களுக்கே முந்திக் கிடைத்தது. சொந்தக் காணியோ வீட்டு இலக்கமோ தெருப் பெயரோ இல்லாத லயத்து மக்கள் அந்த வரிசையின் கடைசியில்கூட நிற்கவில்லை. விண்ணப்பத்தில் விலாசம் என்ற இடத்தில் அவர்கள் எழுதக்கூடியது தோட்டத்தின் பெயர் மட்டும்தான்.

கதவு திறந்த விதம்

1989இல் செல்டெல் என்ற தனியார் கம்பனி கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல். ஆனால் அது பணக்காரர்களின் கருவி. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் திணைக்களத்தைக் கூட்டுத்தாபனமாக்கியது. சேவை நடத்துபவரையும் மேற்பார்ப்பவரையும் பிரித்தது. 1995இல் இன்று டயலொக் என்று நாம் அறியும் கம்பனி களத்துக்கு வந்தது. 1996இல் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிக்காக சன்டெல், லங்கா பெல் என்ற இரண்டு நிறுவனங்கள் வந்தன. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு அமைந்தது. 1997இல், அந்தக் கூட்டுத்தாபனத்தின் வழிவந்த இலங்கை டெலிகொம்மின் 35 சதவீதப் பங்கை ஜப்பானின் என்.டி.டி. வாங்கியது.

ஒரு கதவு மட்டும் மூடியே இருந்தது. வெளிநாட்டு அழைப்புகள் டெலிகொம்மின் தனியுரிமையாகவே 2002 ஆகஸ்ட் வரை நீடித்தன. இதன் சுமையைத் தோட்டங்கள் நன்றாக அறியும். தோட்டத்துப் பெண்கள் வீட்டுவேலைக்காக மத்திய கிழக்குக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. டவுனிலிருக்கும் கம்யூனிகேஷன் கடைக்கு இன்ன நாள், இன்ன நேரம் அழைப்பு வரும் என்று கடிதத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து காத்திருந்தார்கள். இங்கிருந்து நாம் அழைத்தால் நிமிடக் கணக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். நாலு பேர் பேசக் காத்திருக்க, முதல் பேச்சிலேயே கையிலிருந்த காசு தீர்ந்துவிடும்.

தனியுரிமை முடிந்து, 2003இல் பல நிறுவனங்களுக்கு வெளிநாட்டு அழைப்புக்கான உரிமம் கொடுக்கப்பட்டதும் கட்டணங்கள் சரிந்தன. புதிய இயந்திரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அதே கம்பி, அதே செய்மதி. கேட்ட விலையைக் கொடுத்தே தீர வேண்டிய நிலை மட்டும் நீங்கியது.

2003க்குப் பின் வெளிநாட்டிலிருந்து இங்கே வரும் அழைப்புகளின் ஒவ்வொரு நிமிடத்திலும் தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணம் என்று ஒரு தொகை எடுக்கப்பட்டது. பின்தங்கிய பகுதிகளுக்குத் தொலைபேசி கொண்டுபோவதே அதன் நோக்கம். மத்திய கிழக்கிலிருந்து வீட்டுக்கு அழைத்த தோட்டத்துத் தாயும் அந்தக் காசைக் கொடுத்தாள். அவளுடைய தோட்டத்தில் டவர் எழும்ப அதற்குப் பிறகும் நீண்ட காலம் பிடித்தது.

2009 ஜனவரியில் இந்தியாவின் எயார்டெல் ஐந்தாவது கம்பனியாக வந்தது. டயலொக், மொபிடெல், டிகோ, ஹட்ச் என்று நான்கு கம்பனிகள் ஏற்கெனவே களத்தில் இருந்தன. பெயர் மாறிய செல்டெல்தான் டிகோ. அது பின்னர் எட்டிசலாட் ஆனது. அழைப்பின் விலை ரூபாயிலிருந்து சதத்துக்கு இறங்கியது. போட்டி மிஞ்சிப்போகிறது என்று 2010இல் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவே தலையிட்டு, இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று அடிவிலை விதிக்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் வருகிற அழைப்புக்கும் நம்மிடமே காசு பிடித்தார்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கொழுந்துக் கூடையோடு போகும் பெண்ணின் கைக்கும், விடியற்காலையில் பால் வெட்டப் போகும் ஆளின் சட்டைப்பைக்கும் போன் வந்தது இந்தக் காலத்தில்தான்.

போட்டி இன்னொன்றையும் கொண்டுவந்தது. சப்ரகமுவவில் தமிழர்கள் சிறுபான்மை. அரச அலுவலகத்தில் தமிழில் ஒரு படிவம் கிடைப்பதே பல இடங்களில் கஷ்டம். ஆனால் கைத்தொலைபேசிக் கம்பனியின் இலக்கத்துக்கு அழைத்தால் தமிழுக்கு ஓர் இலக்கத்தை அழுத்தச் சொல்கிறது. அரசகரும மொழிச் சட்டத்தால் முழுமையாகத் தர முடியாததை வாடிக்கையாளரை இழந்துவிடுவோம் என்ற அச்சம் தந்தது.

இன்று: ஐந்து மூன்றானது

அந்த அச்சம் இப்போது குறைந்து வருகிறது. 2018இல் எட்டிசலாட்டை ஹட்ச் சேர்த்துக்கொண்டது. 2024 ஜூன் மாதத்தில் எயார்டெல்லின் இலங்கைக் கம்பனி டயலொக்கோடு சேர்ந்தது; அதற்குப் பதிலாக பாரதி எயார்டெல்லுக்கு டயலொக்கின் 10.355 சதவீதப் பங்கு கிடைத்தது. ஐந்து கம்பனிகள் இருந்த இடத்தில் இப்போது டயலொக், எஸ்.எல்.டி. மொபிடெல், ஹட்ச் என்று மூன்று. விலையை உடைத்துக்கொண்டு வந்த கம்பனியே சந்தையில் முதலிடத்தில் இருந்த கம்பனிக்குள் போய்விட்டது.

இந்த இணைப்புகளுக்கு நியாயம் இல்லாமலில்லை. 2022இல் ரூபாய் சரிந்தது. டவர்களுக்கு டீசல் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து கருவி வாங்கும் செலவு பல மடங்கானது. நட்டத்தில் ஓடும் சிறிய கம்பனி முற்றாக மூடிவிட்டுப் போவதைவிட, இன்னொன்றோடு சேர்ந்து அதன் அலைவரிசைகளும் டவர்களும் பயன்பாட்டில் இருப்பது மேல் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவும் இணைப்புக்கு அனுமதி கொடுத்தது.

ஆனால் மூன்று கம்பனிகள் மட்டுமே உள்ள சந்தையில் ஒன்று விலையேற்றினால் மற்றவை இறக்கிக்கொடுக்க வேண்டிய கட்டாயம் குறைவு. நான்கு கம்பனிகள் இருந்தபோதே, 2022 செப்டெம்பரில் கைத்தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி, இணையக் கட்டணங்களை 20 சதவீதம் உயர்த்த ஆணைக்குழு அனுமதித்தது. எல்லாக் கம்பனிகளும் ஒரே நேரத்தில் ஏற்றின. அப்போது தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாய். அதுவும் பேர் முழுமையாக விழுந்தால்தான். நாட்டின் பணவீக்கமோ 70 சதவீதத்தைத் தொட்டிருந்தது. பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு டேட்டா போடுவதா, ஒரு கிலோ மா வாங்குவதா என்று வீடுகளில் கணக்குப் பார்த்தார்கள்.

விலை மட்டும் பிரச்சினை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தோட்டம் என்பது கம்பனிக்கு வருமானம் குறைந்த இடம். போட்டி இருந்தால்தான் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் டவர் போடப் பார்ப்பார். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது மலைநாட்டுப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் கல்லிலும் மரத்திலும் ஏறியதை நாடே படத்தில் பார்த்தது. அதன் பிறகே கிராமங்களுக்குத் தொடர்பாடல் கொண்டுபோகும் அரச திட்டம் நம் சப்ரகமுவவின் இரத்தினபுரி மாவட்டத்தில் முதலில் தொடங்கப்பட்டது. 2016 மே 17ஆம் திகதி புளத்கொகுபிட்டிய களுபான தோட்டத்தில் மண் சரிந்து லயத்து வீடுகள் புதைந்தன, உயிர்கள் போயின. அதை அறிந்த எவரும் சிக்னலை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள். மண்சரிவு எச்சரிக்கை இன்று போன் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது.

இருந்த சட்டத்தை இழந்தோம்

இலங்கையில் ஏகபோகத்தைக் கவனிக்கச் சட்டமே இருந்ததில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருந்தது. 1987ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகங்களையும், கம்பனிகள் ஒன்றோடொன்று சேர்வதையும், போட்டியைக் கெடுக்கும் நடைமுறைகளையும் விசாரிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது. 2003இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வந்து அதை நீக்கியது. போட்டிக்கு எதிரான நடைமுறைகளைப் பற்றிய பிரிவுகள் புதிய சட்டத்தில் தங்கின. கம்பனிகளின் இணைப்பை முன்கூட்டியே ஆராய்ந்து தடுக்கும் அதிகாரம் போய்விட்டது. அரிசி விலை, பருப்பு விலை, விலைச்சீட்டு ஒட்டாத கடை ஆகியவற்றைத் தேடிப் பிடிப்பதே அந்த அதிகாரசபையின் அன்றாட வேலையாகிவிட்டது.

வெளிநாட்டு அழைப்பின் ஏகபோகத்தை நாம் உடைத்ததும் 2003இல், இணைப்புகளைப் பார்க்கும் பொதுச் சட்டத்தைக் கைவிட்டதும் 2003இல். அதனால் எயார்டெல்லும் டயலொக்கும் சேர்ந்தபோது, நுகர்வோரின் பக்கத்திலிருந்து அதை ஆராயத் தனியான போட்டி ஆணைக்குழு நாட்டில் இல்லை. தொலைத்தொடர்புக்கு மட்டுமான ஆணைக்குழு இருந்தது. அதன் தலைவர் பதவியில் அமர்வது ஓர் அமைச்சின் செயலாளர். மூன்று கம்பனிகளில் ஒன்றான எஸ்.எல்.டி.யிலோ, அதாவது இலங்கை டெலிகொம்மிலோ, அரசாங்கத்துக்கு 49.5 சதவீதப் பங்கு இருக்கிறது. பங்குக்காரரும் நடுவரும் ஒரே வீட்டில் இருப்பது எந்த ஆட்டத்துக்கும் நல்லதில்லை.

அமெரிக்காவில் ஷெர்மன் சட்டம் 1890இலிருந்து இருக்கிறது. தொலைபேசியில் தனிக்காட்டு ராஜாவாக இருந்த ஏ.டி. அண்ட் டி. கம்பனியை அந்தச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்குதான் 1984இல் பிரிய வைத்தது. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டமும் அதன் கீழ் ஓர் ஆணைக்குழுவும் இருக்கின்றன. ஆண்ட்ராய்ட் போன்களில் தன் செயலிகளைத் திணித்ததற்காக அந்த ஆணைக்குழு 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கை தொடர்பில் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் விதித்தது. அதே ஆண்ட்ராய்டும் அதே வட்ஸ்அப்பும்தான் புளத்கொகுபிட்டியவிலும் ஓடுகின்றன. இங்கே அவர்களை அழைத்துக் கேள்வி கேட்க யாரும் இல்லை.

பெக்கேஜுக்குள் அடைபட்ட இணையம்

தோட்டத்துப் பிள்ளையின் போனில் இணையம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முழு டேட்டாவுக்கு விலை அதிகம். வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் ஆகியவற்றுக்கு மட்டுமான பெக்கேஜ் மலிவு. வீட்டில் அதைத்தான் போடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இணையம் என்றால் அந்த மூன்றுதான். முதல் இரண்டும் மெட்டாவுடையவை, மூன்றாவது கூகுளுடையது. இலவச நூலகமோ பாடத்திட்டத் தளமோ பல்கலைக்கழக விண்ணப்பமோ அந்த பெக்கேஜுக்குள் வராது. ஒரு தமிழ் இளைஞன் நல்ல கற்றல் செயலி ஒன்றை எழுதினாலும், அதைத் திறக்க அந்தப் பிள்ளையிடம் டேட்டா இராது. உள்ளூர்க் கம்பனியின் பெக்கேஜ் வெளிநாட்டுக் கம்பனியின் ஏகபோகத்துக்கு மதில் கட்டிக்கொடுக்கிறது. இந்தியாவில் 2016 பெப்ரவரியிலேயே, உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைப்பதைத் தொலைத்தொடர்பு ஆணையம் தடுத்துவிட்டது. இங்கே அந்த பெக்கேஜ்கள் தாராளமாக விற்பனையாகின்றன.

சட்டம் தாமதித்தால் என்ன நேரும் என்பதற்கும் உலகம் பாடம் தந்திருக்கிறது. பேஸ்புக் 2012இல் இன்ஸ்டகிராமையும் 2014இல் வட்ஸ்அப்பையும் வாங்கியபோது அமெரிக்க அதிகாரிகள் விட்டுவிட்டார்கள். 2020இல் வழக்குப் போட்டார்கள். 2025 நவம்பரில் நீதிமன்றம், இன்றைய நிலையில் மெட்டாவிடம் ஏகபோகம் இருப்பது நிறுவப்படவில்லை என்று வழக்கைத் தள்ளியது. கூகுள் இணையத் தேடலில் சட்டவிரோத ஏகபோகம் நடத்தியது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஆனாலும் ஓராண்டு கழித்து, குரோம் உலாவியை விற்க வேண்டியதில்லை என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவ்வளவு வலிமையான நாட்டிலேயே சேர்ந்த கம்பனிகளைப் பிரிப்பது இத்தனை கடினம் என்றால், சேரும்போதே கேட்கும் சட்டம் நமக்கு எவ்வளவு அவசியம்!

போகும் உரிமை

1921இல் துண்டு முறையை ஒழித்தபோது தொழிலாளிக்குக் கிடைத்தது வேறு தோட்டத்துக்குப் போகும் உரிமை. இன்றைய தொலைபேசியில் அதற்கு இணையான உரிமை, இலக்கத்தை மாற்றாமல் கம்பனியை மாற்றும் வசதி. குவைத்திலுள்ள அம்மா, வங்கி, பாடசாலை, கொழும்பு முதலாளி என எல்லோரிடமும் ஒரே இலக்கம்தான் இருக்கிறது. அந்த இலக்கத்தை விட்டால் வேலையும் உறவும் அறுந்துபோகும் என்று பயந்து, சிக்னல் ஒழுங்காக வராத கம்பனியிலேயே காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம். இந்தியாவில் 2011 ஜனவரியிலேயே இந்த வசதி நாடு முழுவதும் வந்தது. இங்கே ஆண்டுக்கணக்காகப் பேசி, திட்டமிட்டு, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். வாடிக்கையாளர் எழுந்து போக முடியாதவரை எந்தக் கம்பனிக்கும் அவசரம் வராது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. 2003இல் இழந்த அதிகாரத்தை மீட்டுத் தரும் போட்டிச் சட்டமும், அமைச்சுகளுக்குக் கட்டுப்படாத ஆணைக்குழுவும் வேண்டும். பெரிய இணைப்பு ஒவ்வொன்றும் பொதுமக்களின் கருத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்ட பிறகே நடக்க வேண்டும். இலக்கம் மாறாமல் கம்பனி மாறும் வசதியை இனியும் இழுத்தடிக்கக் கூடாது. அலைவரிசை உரிமம் கொடுக்கும்போது தோட்டங்களுக்குச் சேவை தருவதை நிபந்தனையாக்க வேண்டும்.

இவை கொழும்பு வக்கீல்களின் விவகாரம் என்று மலையகக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் ஒதுங்கி நிற்கக் கூடாது. சம்பளத்துக்காக நடத்தும் போராட்டத்தின் மறுபாதி, அந்தச் சம்பளத்தை யார் எப்படிப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பது. நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று 2024 செப்டெம்பரில் நிர்ணயமானது பல ஆண்டுப் போராட்டத்தின் பலன். சம்பளம் எவ்வளவானாலும் அதில் ஒரு பகுதி மாதாமாதம் மூன்று கம்பனிகளுக்குப் போகிறது. ஒரே வாசலுக்குள் அடைபட்டு வாழ்ந்த வரலாறு உள்ள மக்கள் நாம். இன்னொரு வாசல் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் முதலில் எழும் குரல் மலையகத்தின் குரலாக இருக்க வேண்டும். உங்கள் உறுப்பினரிடம், உங்கள் சங்கத்திடம் இந்தக் கேள்வியை இன்றே கேளுங்கள்.